கனவென்று தெரிந்த பிறகு

அன்புள்ள ஐயா,

ஆத்தங்குடியில் தரைக்குப் பதிக்கும் பூக்கல் (டைல்ஸ்) போடும் பட்டறை எங்களுடையது. சில நாள் விடியற்காலையில் 'இது கனவுதான்' என்று தூக்கத்திலேயே எனக்குத் தெரிந்துவிடுகிறது. தரையெல்லாம் புதுப்புது பூ டிசைன். 'இதை மாற்று' என்று நினைத்தால் போதும், கலைந்து விழிப்பு வந்துவிடும். பழகினால் வேண்டிய டிசைனை வரவழைக்கலாமா? இல்லை, இதெல்லாம் வெறும் பிரமையா?

முத்து

அன்புள்ள முத்து,

பிரமை இல்லை. கனவென்று தெரிந்தே கனவு காண்பதை லூசிட் ட்ரீமிங் என்று சொல்கிறார்களே, அதுதான் இது. 1975இல் இங்கிலாந்தின் ஹல் நகரில் கீத் ஹேர்ன் என்ற ஆய்வாளர், இப்படிக் கனவு காணும் ஒருவரிடம் 'கனவென்று தெரிந்ததும் கண்ணை இடமும் வலமுமாக அசைக்க வேண்டும்' என்று முன்பே பேசி வைத்தார். ஆள் தூக்கத்தில் இருக்கும்போதே அந்த அசைவு கருவியில் பதிவானது. விடியற்காலையில் வருவதும் இயல்புதான், கனவு மிகுந்த ரெம் தூக்கம் அப்போதுதான் நீளும்.

ஆனால் வரவழைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. நீங்கள் கேட்டு வாங்கும் டிசைன் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததுதானே, அதற்குக் கனவு எதற்கு? விழித்திருக்கும்போது ஒட்டாது என்று நாம் ஒதுக்குவதையெல்லாம் கனவு கூச்சமில்லாமல் சேர்த்துவிடும், கண்டாங்கிச் சேலைக் கட்டமும் கண்மாய்த் தாமரையும் ஒரே கல்லில் வந்து உட்காரும். அதைக் கெடுக்காதீர்கள். கனவென்று தெரிந்ததும் ஒரே ஒரு கல்லை உற்றுப் பாருங்கள்: நடுப்பூவுக்கு எத்தனை இதழ், மூலையில் இருக்கிற கால்வட்டம் பக்கத்துக் கல்லோடு எப்படிச் சேருகிறது.

நரம்பு இதயத்துக்கு ரசாயனம் வழியாகத்தான் சேதி சொல்கிறது என்று காட்டிய ஓட்டோ லோவி, அதற்கான சோதனையைக் கனவில்தான் கண்டார். முதல் நாள் ராத்திரி துண்டுக் காகிதத்தில் கிறுக்கி வைத்தது காலையில் அவருக்கே புரியவில்லை. மறுநாள் இரவு அது திரும்ப வந்ததும் நேரே ஆய்வுக்கூடத்துக்குப் போய்த் தவளை இதயத்தில் செய்து பார்த்துவிட்டார். 1936இல் நோபல் பரிசு. ஆனால் அந்தக் கேள்வியைப் பல வருஷமாக மனதில் வைத்திருந்தவர் அவர். நீங்களும் பகலெல்லாம் கண்ணாடிமேல் அச்சை வைத்துக் கலர் சிமெண்ட் ஊற்றுகிறவர், அதனால்தான் உங்களுக்குத் தரை தரையாக வருகிறது, எனக்கு வராது.

விழித்தவுடன் புரண்டு படுக்காமல், கண்ணை மூடியபடியே பார்த்ததை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், அப்புறம் கட்டம் போட்ட நோட்டில் வரைந்து நிறத்தையும் எழுதிவிடுங்கள். இதற்காக நடுராத்திரியில் அலாரம் மட்டும் வைக்க வேண்டாம், நாள் முழுக்கக் குனிந்து வேலை செய்கிற உடம்புக்குத் தூக்கம்தான் முதலில்.