சுரண்டி எடுத்த பழைய தார் ஜல்லியை ரோட்டின் பேஸுக்குப் (மேல் தாருக்கு அடியில் வரும் ஜல்லி அடுக்கு) போடலாமா? சிபிஆர் (பொருள் எவ்வளவு சுமை தாங்கும் என்று அழுத்திப் பார்க்கும் சோதனை) நன்றாக வந்தால் போதுமா?

போடலாம். ஆனால் சிபிஆர் மட்டும் போதாது. கேள்வியைப் பார்த்தால், சைட்டில் மில்லிங் பொருள், அதாவது அந்தச் சுரண்டிய ஜல்லி, மலையாகக் கிடக்கிறது, "ரிப்போர்ட்டைக் கொடுப்பா" என்று யாரோ உங்கள் தலைமேல் நிற்கிறார் என்று தோன்றுகிறது. நான் அந்த ரிப்போர்ட்டை எழுதுகிற கியூசி (தரக் கட்டுப்பாடு) லேபில் இருந்தவன்.

திருச்சி பக்கம் ஒரு அகலப்படுத்தும் வேலை. வெட் மிக்ஸுக்கு (தண்ணீர் கலந்து போடும் புது ஜல்லி) பதிலாக முழுக்க மில்லிங் பொருளையே போட்டுவிட ஒப்பந்ததாரருக்கு ஆசை. கிரஷர் ஜல்லி விற்கிற விலைக்கு அதைத் தப்பென்று சொல்ல முடியாது. நாலு நாள் ஊறவைத்து சிபிஆர் எடுத்தோம், பாஸ். "அப்புறம் என்ன தம்பி, லாரி நிக்குதுல்ல" என்றார் அவர்களுடைய மேனேஜர்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. கல்லைச் சுற்றித் தார் இருப்பதால் தண்ணீரில் ஊறவைப்பது இந்தப் பொருளை அவ்வளவாகச் சோதிப்பதில்லை. அடுத்து, சிபிஆரில் பிளஞ்சர் என்கிற இரும்புத் தண்டு நிமிடத்துக்கு 1.25 மி.மீ. இறங்கும். 12.5 மி.மீ. வரை போனாலும் பத்து நிமிடத்தில் கதை முடிந்தது. தார் மெதுவாக நகரும் பொருள், வெயிலில் இன்னும் நகரும். சரக்கு லாரி மணிக்கணக்கில் நிற்கிற இடத்தில் என்ன ஆகும் என்பதை அந்தப் பத்து நிமிடம் காட்டாது.

அதனால் பொருளை இறுக்கி நிரப்பிய மோல்டைச் சூடான அறையில் வைத்து, அதன்மேல் லோடை அப்படியே விட்டேன். வெறும் ஜல்லி மோல்டில், எவ்வளவு அமுங்குகிறது என்று காட்டும் டயல் முள் கொஞ்ச நேரத்தில் அடங்கியது. மில்லிங் மோல்டில் மறுநாள் காலையிலும் நகர்ந்துகொண்டிருந்தது. ஜல்லியோடு பாதிக்குப் பாதி கலந்ததில் எவ்வளவோ தேவலை. கடைசியில் அந்தக் கலவைதான் போட்டார்கள். "இது எந்த ஐஎஸ் கோடில் இருக்கிறது?" என்று யாராவது கமெண்டில் வருவீர்கள். இல்லைதான். அதனால்தான் ரிப்போர்ட்டில் சேர்க்காமல் தனிக் குறிப்பாகக் கொடுத்தேன். மறுசுழற்சிக்கு நான் எதிரியும் இல்லை. எமல்ஷனோ (தண்ணீரில் கலந்த தார்) ஃபோம் பிட்டுமனோ (நுரையாக்கிய தார்) கலந்தால் பேஸின் விறைப்பை 800 எம்பிஏ வரை எடுத்துக்கொள்ள, ரோடு வடிவமைப்புக்கான 2018 ஐஆர்சி 37 விதிநூலே இடம் கொடுக்கிறது. அதற்கு ஐடிஎஸ் (இழுவிசையை எவ்வளவு தாங்கும் என்று பார்ப்பது) சோதனை வேண்டும், காய்ந்த மாதிரி, நனைந்த மாதிரி இரண்டுக்கும்.

ஈரப்பதம் பார்க்க வழக்கம்போல 110 டிகிரி ஓவனில் வைக்காதீர்கள். தார் இளகிக் கட்டியாகிவிடும். 60 டிகிரியில் பொறுமையாகக் காயவிடுங்கள். சல்லடையிலும் கவனம்: பெரிய கல் என்று நிற்பதில் பாதி, பொடிக்கற்கள் தாரில் ஒட்டிய உருண்டை. ரோலர் ஏறினால் உடையும்.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். 2021-ல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு, பழைய ரோட்டைச் சுரண்டிவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும், மட்டம் உயரக் கூடாது என்று அதிகாரிகளுக்கு எழுதினார். எங்கள் தெருவில் அதற்குப் பிறகும் பழையதன் மேலேயே ஒரு அடுக்கு போட்டார்கள். மழை பெய்தால் தண்ணீர் நேரே எங்கள் ஹாலுக்கு வருகிறது. கேட்டால், "மில்லிங் மெஷின் இந்தச் சந்துக்குள்ள வராதுங்க" என்கிறார் எஞ்சினியர். அரை மீட்டர் அகலத்துக்குச் சுரண்டுகிற சின்ன மெஷினெல்லாம் இருக்கிறது. அதைச் சொன்னதிலிருந்து அவர் என் போனை எடுப்பதில்லை.