சட்டென்று கண் கலங்குவது பலவீனமா?

இல்லை. மேலாளர் குரல் உயர்த்தினாலே உங்களுக்குக் கண் கலங்குவது சுபாவமாக இருக்கலாம். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஜெரோம் கேகன் 4 மாதக் குழந்தைகளுக்குப் புதிய பொம்மைகளைக் காட்டி, புதிய குரல்களைக் கேட்க வைத்துப் பார்த்தார். சுமார் 20 சதவீதக் குழந்தைகள் கைகாலை உதறி அழுதன. நீங்களும் அந்த ரகமாக இருக்கலாம்.

பக்கத்து இருக்கைக்காரர் சாப்பிடாமல் டிபன் பாக்ஸை மூடினால் முதலில் கவனிப்பதும் நீங்களாகத்தான் இருப்பீர்கள். அந்தக் கூர்மைதான் திட்டு விழும்போது உங்களையே குத்துகிறது. தயவுசெய்து அதை மழுங்கடிக்கப் பார்க்காதீர்கள்.

ஒரு வாரம் குறித்து வையுங்கள்: கலங்கிய நேரம், முந்தைய இரவுத் தூக்கம், கடைசியாகச் சாப்பிட்டது எப்போது. தூக்கம் கெட்ட நாட்களில்தான் என்றால், முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

அப்புறம், 2 வாரமாக எதிலுமே நாட்டமில்லை, மனம் கனத்தே கிடக்கிறது என்றால் அதைச் சுபாவம் என்று விட்டுவிடாமல் மருத்துவரைப் பாருங்கள்.