பாயிண்ட் கார்டுக்குக் கைப் பழக்கம் மட்டும் போதாது

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். மகளுக்கு 13 வயது. இரண்டு வருடமாகக் கூடைப்பந்து ஆடுகிறாள். டீமிலேயே குள்ளம் என்பதால் கோச் அவளை பாயிண்ட் கார்டாக, அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிறவளாகப் போட்டிருக்கிறார். தனியாகப் பந்தைத் தட்டும்போது பிரமாதமாகச் செய்கிறாள். ஆனால் மேட்சில் இரண்டு பேர் வந்து நெருக்கினால் பந்தைப் பறிகொடுத்துவிட்டு அழுகிறாள். உயரம் இல்லாதது பிரச்சினையாகுமா? எனக்கும் கணவருக்கும் இந்த ஆட்டம் தெரியாது. வீட்டில் நாங்கள் என்ன செய்யலாம்?

பதில்: உயரக் கவலையை முதலில் தள்ளி வைத்துவிடலாம். 1.60 மீட்டர் உயரமுள்ள மக்ஸி போக்ஸ் அமெரிக்காவின் என்.பி.ஏ. லீகில் 14 சீசன் பாயிண்ட் கார்டாக ஆடினார். 2.06 மீட்டர் உயரமுள்ள மேஜிக் ஜான்சனும் அதே இடத்தில்தான் ஆடினார். உங்கள் மகள் இன்னும் வளரக்கூடியவள். அதனால் கூடைக்கு அடியில் நின்று ஆடுவதையும் ரீபவுண்டு (கூடையில் விழாமல் திரும்பி வரும் பந்து) எடுப்பதையும் அவளுக்கு விட்டுவிடாமல் சொல்லிக்கொடுக்கும்படி கோச்சிடம் கேளுங்கள்.

தனியாகச் செய்ய முடிகிறது, மேட்சில் முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். விஷயமே அங்கேதான் இருக்கிறது. பந்து பறிபோனால் எல்லோரும் கையைக் குறை சொல்வார்கள். இந்த வயதில் பெரும்பாலும் குறை கண்ணில்தான். தனியாகத் தட்டும்போது பந்தையே பார்த்துப் பழகிவிடுகிறார்கள். மேட்சிலும் தலை குனிந்தே இருப்பதால், இரண்டாவது ஆள் வருவது பக்கத்தில் வந்த பிறகுதான் தெரிகிறது. சில்க் போர்டு நெரிசலில் பைக் ஓட்டுகிறவர் ஹேண்டில்பாரைப் பார்ப்பதில்லை, எங்கே சந்து திறக்கிறது என்றுதான் பார்ப்பார். கையை எவ்வளவு பழக்கினாலும், அது கண்ணுக்கு விடுதலை கொடுப்பதற்காகத்தான்.

இதற்கு ஆட்டம் தெரியாத நீங்களே உதவலாம். அவள் முழங்காலை மடக்கி, பந்தை இடுப்புக்குக் கீழே தட்டட்டும். நீங்கள் ஏழெட்டு அடி தள்ளி நின்று விரல்களைக் காட்டுங்கள், அவள் எண்ணைச் சொல்லவேண்டும். இது சுலபமாகிவிட்டதா? சரி, இப்போது நீங்கள் நடந்துகொண்டே காட்டுங்கள். அவளுடைய அப்பா இன்னொரு மூலையில் நின்று விரல் காட்டட்டும். இரண்டு எண்களையும் கூட்டிச் சொல்லவேண்டும். கூட்டும்போது பந்து காலில் பட்டு ஓடும், ஓடட்டும். மேட்சில் நடப்பதும் இதேதான், யோசிக்க ஆரம்பித்ததும் கை தடுமாறுகிறது. அந்தத் தடுமாற்றத்தை வீட்டிலேயே கடந்து வரட்டும்.

பத்து நிமிடம் தட்டினால் அதில் ஆறேழு நிமிடம் இடது கைக்குப் போகவேண்டும். அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் தூண்கள் இருந்தால் அவைதான் டிஃபென்டர்கள், அதாவது தடுக்கும் எதிரணி ஆட்கள். தூணுக்கு இரண்டு எட்டு முன்பே கை மாற்றித் திரும்பவேண்டும், முட்டும் தூரம் வரை போய்த் திரும்பினால் மேட்சில் பந்து பறிபோகும். அப்புறம், வீட்டில் இருப்பது எந்த அளவுப் பந்து என்று பாருங்கள். பெண்கள் ஆடுவது 6-ஆம் எண் பந்து. ஆண்கள் ஆடும் 7-ஆம் எண் பந்தில் பழகினால் பாஸின் தூரக் கணக்கே மாறிவிடும்.

இப்போது, இரண்டு பேர் நெருக்கும் அந்த இடத்துக்கு வருவோம். முழு கோர்ட் 28 மீட்டர். பந்து கையில் வந்ததிலிருந்து 8 நொடிக்குள் நடுக்கோட்டைத் தாண்டவேண்டும் என்பது விதி. குழந்தைகள் இதைக் கேட்டே பதறிவிடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். கூடைக்கு அடியிலிருந்து கிளம்பினாலும் 14 மீட்டருக்குள்தான், அதற்கு 8 நொடி. வேகமாக நடந்தாலே போய்விடலாம். ஒருநாள் கோர்ட்டில் ஸ்டாப்வாட்ச் வைத்து அவளை நடக்கவே சொல்லுங்கள். நேரம் இருக்கிறது என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டால் பாதிப் பதற்றம் போய்விடும்.

நெருக்குகிறவர்கள் அவளைப் பக்கக்கோட்டை நோக்கித்தான் தள்ளுவார்கள். கோட்டைத் தாண்டமுடியாது என்பதால் அதுவும் எதிரணியின் ஆள் மாதிரி. அதிலும் பக்கக்கோடும் நடுக்கோடும் சேரும் மூலை மோசமான பொறி. நடுக்கோட்டைத் தாண்டிய உடனே அங்கே மாட்டினால் பின்னாலும் போகமுடியாது, திரும்பினால் பந்து எதிரணிக்கு. ஆகவே பந்தை கோர்ட்டின் நடுப்பகுதியில் கொண்டுவரவேண்டும். இரண்டாவது ஆள் வருவது தெரிந்ததும், தட்டுவதை நிறுத்தாமல் இரண்டு மூன்று எட்டு பின்வாங்கவேண்டும். பின்வாங்குவது பயந்தாங்கொள்ளித்தனம் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். இல்லவே இல்லை. அந்த மூன்று எட்டில் இரண்டு டிஃபென்டர்களும் அவள் கண்ணெதிரே வந்துவிடுவார்கள். இரண்டு பேர் அவளிடம் வந்திருந்தால் கோர்ட்டில் எங்கோ ஒரு தோழி தனியாக நிற்கிறாள் என்று அர்த்தம். அவளைத் தேடிக் கொடுப்பதுதான் வேலை.

செய்யக்கூடாதது, பயத்தில் தட்டுவதை நிறுத்திப் பந்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வது. பிடித்துவிட்டால் மறுபடி தட்டமுடியாது. டிஃபென்டர் ஒரு மீட்டருக்குள் நின்றால் 5 நொடிக்குள் பந்தை விட்டாகவேண்டும். என்.பி.ஏ. பார்த்து வளரும் பிள்ளைகள் இந்தச் சமயத்தில் டைம் அவுட் என்று கத்துவதுண்டு. அங்கே ஆடுகிறவரே கேட்கலாம். இங்கே நாம் ஆடும் ஃபீபா (சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு) விதிகளில் கோச்சோ உதவி கோச்சோதான் கேட்கமுடியும், அதுவும் ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது கிடைக்காது.

பந்து கிடைத்ததும் அவள் முதலில் என்ன செய்கிறாள் என்று அடுத்த மேட்சில் கவனியுங்கள். நிறையப் பிள்ளைகள் யாரையும் பார்க்காமலே ஒருமுறை தரையில் தட்டிவிடுவார்கள். அந்த ஒரு தட்டலில் நல்ல வாய்ப்பு போய்விடும். வாங்கியதும் எதிர்க்கூடையை நோக்கித் திரும்பி நின்று பார்க்கவேண்டும், பிறகுதான் தட்டவேண்டும். பார்ப்பதற்கும் ஒரு வரிசை உண்டு. தூரத்தில் தொடங்கிக் கிட்டே வரவேண்டும்: முதலில் கூடைக்கு அடியில் யாராவது ஓடி நிற்கிறார்களா, அப்புறம் இரண்டு பக்கமும், கடைசியில் பக்கத்தில் நிற்பவள். கிட்டே இருப்பவள் கடைக்கண்ணிலேயே தெரிந்துவிடுவாள், தூரத்தில் இருப்பவளைத் தேடினால்தான் தெரியும். முன்னால் ஆள் ஓடிக்கொண்டிருந்தால் உடனே பாஸ் கொடுக்கவேண்டும். எவ்வளவு வேகமாகத் தட்டிக்கொண்டு ஓடினாலும் பாஸை முந்தமுடியாது.

யூடியூபில் பார்த்து கிராஸ்ஓவர் (பந்தைச் சட்டென்று ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றித் தட்டுவது) பழகுவதைத் தடுக்கவேண்டாம், ஆசையாகச் செய்யட்டும். ஆனால் பந்துக்கு அடியில் கையைக் கொடுத்துத் தாங்கி நிறுத்தினால் நடுவர் விசில் அடிப்பார். இரண்டு கையிலும் ஒழுங்கான லே அப் (ஓடிவந்து கூடைக்குப் பக்கத்திலிருந்து பந்தைப் போடுவது) ஒன்று இருந்தால் இப்போதைக்கு அது போதும்.

வாய் திறந்து பேசுவதை யாரும் சொல்லித்தருவதில்லை, எனக்கு அது பெரிய வருத்தம். பாயிண்ட் கார்டு பேசாவிட்டால் மற்ற நாலு பேரும் ஆளுக்கொரு ஆட்டம் ஆடுவார்கள். நம் ஊரில் ஒரே டீமில் கன்னடம், தமிழ், இந்தி, மலையாளம் என்று நாலு வீட்டு மொழிகள் இருக்கும். அதனால் நீளமாகச் சொன்னால் எடுபடாது. ஆளின் பெயர், அப்புறம் ஒரே வார்த்தை: "ஸ்க்ரீன்" (டிஃபென்டரை மறித்து நில்), "கட்" (கூடையை நோக்கி ஓடு), "கார்னர்" (மூலைக்குப் போ). ஆட்டமுறைக்கு எண்ணோ மூடிய கையோ காட்டினால் போதும். கூச்ச சுபாவமான பிள்ளை என்றால் பயிற்சியில் ஒவ்வொரு பாஸ் கொடுக்கும்போதும் வாங்குகிறவளின் பெயரைச் சத்தமாகச் சொல்வதிலிருந்து தொடங்கட்டும்.

மேட்சின்போது கோட்டோரத்தில் நின்று "ஷூட் பண்ணு, பாஸ் பண்ணு" என்று கத்தாதீர்கள். அம்மா குரலும் கோச் குரலும் மோதினால் பிள்ளை நடுவில் உறைந்து நிற்கும். அதற்குப் பதில் ஒரு தாளில் குறித்துவையுங்கள். அவள் கொடுத்த பாஸில் விழுந்த கூடைகள் ஒரு பக்கம், அவளிடமிருந்து போன பந்துகள் இன்னொரு பக்கம். போன பந்துக்குப் பக்கத்தில் எப்படிப் போனது என்றும் ஒரு வார்த்தை: தட்டும்போதா, பாஸிலா, விதிமீறலா? நாலைந்து மேட்ச் ஆனதும் எதைப் பழகவேண்டும் என்பதை அந்தத் தாளே காட்டும். ஒரு பந்தின் மதிப்பு சின்னதில்லை. 2017-இல் இதே பெங்களூருவில் நடந்த பெண்கள் ஆசியக் கோப்பையின் பி பிரிவு இறுதி ஆட்டத்தில் இந்தியா கஜகஸ்தானை 75-73 என்றுதான் வென்றது. ஆனால் தாளை வீட்டுக்கு வந்த உடனே நீட்டவேண்டாம், மறுநாள் காட்டுங்கள். "எத்தனை பாயிண்ட்?" என்று கேட்பதைவிட "இன்றைக்கு யாருக்கு நல்ல பாஸ் கொடுத்தாய்?" என்று கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. வளரும் வயதுப் பெண்களுக்கு முழங்கால் தசைநார் காயம் வரும் வாய்ப்பு பையன்களைவிட அதிகம், நம்மிடம் நிறைய சிமெண்ட் கோர்ட்டுகளும் இருக்கின்றன. குதித்து இறங்கும்போது முழங்கால்கள் உள்பக்கம் சாயாமல் மடங்கி இறங்குகிறாளா என்று கோச் பார்க்கட்டும். மழையில் நனைந்த கோர்ட்டில் ஆடவேண்டாம்.

வீட்டில் முடியாத ஒன்றைக் கோச்சிடம் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு பயிற்சியிலும் பத்து நிமிடம், இரண்டு பேர் தாக்க ஒருவர் தடுக்கும் ஆட்டம். டிஃபென்டரின் கால் தன்னை நோக்கி எட்டு வைக்கும் வரை பந்தை வைத்திருந்து, வைத்த கணத்தில் பாஸ் கொடுக்கவேண்டும். கால் அசையாவிட்டால் தானே கூடைக்குப் போகவேண்டும். இதில் தேறிய பிறகு மூன்று பேருக்கு இரண்டு பேர் என்று கூட்டிக்கொள்ளலாம்.