ஜோபெல் மரைன் அகாரில் (கடல் உப்புள்ள வளர்ப்பு ஊடகம்) வளர்த்த கடல் பாக்டீரியாவிலிருந்து மெத்தனாலில் எடுத்த சிவப்பு நிறமிக்கு, டிஸ்க் சோதனையில் (மருந்தூறிய காகித வில்லையைக் கிருமி பரப்பிய தட்டில் வைப்பது) கிருமி வளராத வளையம் 7 மி.மீ.தான் வருகிறது. அதற்குக் கொல்லும் திறன் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

எடுத்துக்கொள்ளக் கூடாது. ஜோபெல் மரைன் அகாரில் வளரும் சிவப்புக் காலனி, மெத்தனாலில் இறங்கும் நிறம் என்று நீங்கள் சொல்வதைப் பார்த்தால், அது பெரும்பாலும் புரோடிஜியோசின் வகை நிறமி. அது தண்ணீரில் கரையாது. டிஸ்க் முறையோ, மருந்து ஈரமான அகாருக்குள் பரவுவதை நம்பியே இருக்கிறது. தட்டைக் கவிழ்த்து அடியிலிருந்து பாருங்கள்: டிஸ்க்குக்கு நேர் கீழே சிவப்பு அப்பியிருக்கும், ஓரத்தைத் தாண்டியிருக்காது. 6 மி.மீ. டிஸ்க்குக்கு 7 மி.மீ. வளையம் என்றால் நிறமி நகரவில்லை என்பது மட்டுமே தெரிகிறது.

முதலில் காலனி கடலுடையதுதானா என்று பாருங்கள். உப்பு சேர்க்காத சாதாரண அகாரிலும் கோடு இழுங்கள். இத்தகைய நிறமி தரும் கடல் பாக்டீரியாவான சூடோஆல்டிரோமோனாஸ் சோடியம் இல்லாமல் வளராது. உப்பில்லாமலும் செழித்து வளர்ந்தால் ஆய்வகத்துக்குள் புகுந்த செராஷியாவாக (இதுவும் சிவப்பு நிறமி தரும் பாக்டீரியா) இருக்கலாம். அது நோய் உண்டாக்கக்கூடியது, பாக்டீரியாவை அடையாளம் காட்டும் 16எஸ் மரபணு வரிசையைப் பார்க்காமல் மேலே போகாதீர்கள்.

பிரித்தெடுக்க, 250 மி.லி. குடுவையில் 50 மி.லி. மரைன் பிராத் (அதே ஊடகத்தின் திரவ வடிவம்), 28 டிகிரி, 48 மணி நேரம் குலுக்கல். நிறமி செல்லோடு ஒட்டியிருக்கும் என்பதால் சென்ட்ரிஃபியூஜ் செய்து அடியில் படிவதை எடுத்து, படிவு வெளுக்கும் வரை மெத்தனாலில் கலக்கி வடியுங்கள். குழாயை அலுமினியத் தாளால் சுற்றுங்கள். வெளிச்சத்தில் நிறமி சிதையும்.

அடுத்த தவறு அளவில் நடக்கிறது. உலர்த்திய சாற்றை எடை போட்டு '1 மி.கி. நிறமி' என்று எழுதுகிறார்கள். அதில் உப்பும் கொழுப்பும் நிறைய இருக்கும். எடையை விட்டுவிட்டு ஒளி உறிஞ்சலை அளந்து பாருங்கள். 96 மி.லி. எத்தனாலில் 4 மி.லி. 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்து, அதில் சாற்றை 100 மடங்கு நீர்த்து, 535 நானோமீட்டரில் பாருங்கள். 1 செ.மீ. குவெட்டில் 0.70 வந்தால், மோலார் உறிஞ்சல் எண் 1,39,800 கொண்டு வகுக்க 5 மைக்ரோமோலார் வரும். மூலக்கூறு எடை 323.4 ஆகையால் அது மி.லி.க்கு 1.62 மைக்ரோகிராம், மூலச் சாற்றில் 162. (மூலக்கூறின் எடையைக் காட்டும் நிறை நிறமாலையில் 324-இல் உச்சம் கண்டு புரோடிஜியோசின்தான் என்று உறுதியான பிறகே இந்தக் கணக்கு செல்லும்.) அமிலம் சேர்த்த இந்தக் கரைசலைக் கிருமி மேல் போட்டுவிடாதீர்கள், அமிலமே கொன்றுவிடும்.

சோதனைக்கு 96 குழித் தட்டுதான் சரி. நிறமியை டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்து, குழியில் டிஎம்எஸ்ஓ 1 சதவீதத்தைத் தாண்டாமல் இரண்டிரண்டு மடங்காக நீர்த்து, மி.லி.க்கு 5 லட்சம் செல் வீதம் சேர்த்து, 35 டிகிரியில் 16 முதல் 20 மணி நேரம் இருட்டில் வையுங்கள். டிஎம்எஸ்ஓ மட்டும், நிறமி மட்டும், பாக்டீரியா மட்டும் என மூன்று ஒப்பீட்டுக் குழிகள் கட்டாயம். அதிகச் செறிவில் நிறமி திரிந்து கலங்கும். கண்ணுக்கு அது வளர்ச்சி போலவே தெரியும், கலங்கலை அளக்கும் 600 நானோமீட்டர் அளவும் ஏமாற்றும். உயிருள்ள செல் இருந்தால் நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறும் ரெசசுரின் சாயமும் சிவந்த குழியில் குழப்பும். ஆகவே ஒவ்வொரு குழியிலிருந்தும் 10 மைக்ரோலிட்டர் எடுத்து அகாரில் சொட்டுவிட்டு, மறுநாள் காலனி எண்ணுங்கள். ஸ்டஃபைலோகாக்கஸில் நன்றாகவும் ஈ. கோலையில் மந்தமாகவும் வந்தால் பதறவேண்டாம், ஈ. கோலையின் வெளிச்சவ்வு இப்படிப்பட்ட மூலக்கூறுகளை எளிதில் உள்ளே விடாது.

இத்தனைக்குப் பிறகும் ஒரு கேள்வி மிஞ்சும்: கொன்றது நிறமியா, கூட வந்த வேறு பொருளா? எடுத்துக்காட்டாக, சூடோஆல்டிரோமோனாஸ் லூட்டியோவயலேசியா என்ற இனத்தில் வயலசீன் என்ற ஊதா நிறமியோடு, வகையைப் பொறுத்து இண்டோல்மைசினோ பென்டாபுரோமோசூடிலினோ உண்டாகிறது, இரண்டும் கிருமிக்கொல்லிகளே. மறுபடி மறுபடி வளர்க்கும்போது சில காலனிகள் வெள்ளையாகிவிடும். அவற்றைத் தூக்கி எறியாதீர்கள். அதே தாய் வகையிலிருந்து வந்ததென்று உறுதிசெய்து, அதே முறையில் சாறெடுத்துப் பக்கத்துக் குழிகளில் போடுங்கள். வெள்ளையின் சாறும் அதே அளவுக்குக் கொன்றால், நீங்கள் தேடவேண்டிய பொருள் சிவப்பு அல்ல.