முடிக்கு எந்த எண்ணெய்? கேட்டவர்களுக்குப் பதில்கள்

அக்கா, தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், பாதாம் எண்ணெய், ஆலிவ் எண்ணெய்... முடி சீக்கிரம் வளர இதில் எது நல்லது?

முடி வளர்வது தோலுக்கு அடியில் இருக்கும் வேர்க்காலில். மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளரும். எண்ணெய் தடவி அந்த வேகத்தைக் கூட்ட முடியாது. அதற்காக எண்ணெயே வேண்டாம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மாதம் 1 செ.மீ. வளர்ந்து, நுனியில் அதே அளவு உடைந்து போனால் நீளம் எப்படிக் கூடும்? அந்த உடைசலைக் குறைப்பதுதான் எண்ணெயின் வேலை.

அதற்குத் தேங்காய் எண்ணெயைத்தான் முதலில் சொல்வேன். அதில் நிறைந்திருக்கும் லாரிக் அமிலம் சிறிய, நேரான மூலக்கூறு. முடி இழைக்குள் புகுந்துவிடும். 2003-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முடியின் புரத இழப்பை நன்றாகக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். மற்ற எண்ணெய்கள் பெரும்பாலும் மேலே படிந்து வழவழப்பைத் தரும். சிக்கு எடுக்க அதுவும் உதவும்.

குளித்த பிறகு தடவுவதைவிட, குளிப்பதற்கு ஓரிரு மணி நேரம் முன்பு தடவுங்கள். தண்ணீர் பட்டால் முடி ஊறி உப்பும், காய்ந்தால் சுருங்கும். இது திரும்பத் திரும்ப நடப்பதால்தான் இழை நைந்து போகிறது. முன்கூட்டியே உள்ளே போன எண்ணெய் அந்த ஊறலைக் குறைக்கும்.

எனக்கு முடி கொட்டுகிறதா, உடைகிறதா என்றே தெரியவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

நல்ல கேள்வி. சீப்பில் வந்த முடி ஒன்றை எடுத்து, கறுப்புத் துணிமேல் வைத்து இரண்டு முனைகளையும் பாருங்கள். ஒரு முனையில் கடுகைவிடச் சின்னதாக வெள்ளைக் குமிழ் தெரிந்தால் அது வேரோடு உதிர்ந்த முடி. குமிழ் இல்லாமல், துண்டாக, நீளம் குறைவாக இருந்தால் நடுவில் உடைந்தது. குமிழைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், வேர்க்கால் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது சாதாரணம்.

உடைசல்தான் என்றால் எண்ணெய் கைகொடுக்கும். குமிழோடு கொத்துக் கொத்தாக வந்தால் எண்ணெயை மாற்றிக்கொண்டே இருப்பதில் பயனில்லை, காரணத்தைத் தேடுங்கள்.

குழந்தை பிறந்து மூன்று மாதம் ஆகிறது. கை வைத்தாலே முடி வருகிறது. என்ன எண்ணெய் வைக்கட்டும்?

முதலில் கலங்காதீர்கள் அம்மா. கர்ப்ப காலத்தில் உதிராமல் தங்கிய முடிகள் இப்போது சேர்ந்து ஓய்வுக் கட்டத்துக்குப் போய் உதிர்கின்றன. கடும் காய்ச்சல், அறுவை சிகிச்சைக்குப் பிறகும் இரண்டு மூன்று மாதம் கழித்து இப்படி நடக்கும். பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே நின்று, முடி திரும்ப முளைக்கும். பிடித்த எண்ணெயை மென்மையாகத் தடவுங்கள், அழுத்தித் தேய்க்க வேண்டாம். ஒரு வருடம் ஆகியும் குறையவில்லை, அல்லது உடம்பு மிகவும் சோர்வாக இருக்கிறது என்றால் இரும்புச்சத்து, தைராய்டு இரண்டையும் பரிசோதியுங்கள்.

விளக்கெண்ணெய் வைத்தால் முடி அடர்த்தியாகும் என்கிறார்களே, உண்மையா?

அடர்த்தியாகத் *தெரியும்*. பிசுபிசுப்பான எண்ணெய், ஒவ்வோர் இழையிலும் கனமாகப் படியும். புதிதாக முடி முளைக்கும் என்பதற்கு நம்பகமான சான்று இல்லை. தனியாக வைக்காமல் தேங்காய் எண்ணெயோடு கொஞ்சமாகக் கலந்து, நுனிப் பக்கம் மட்டும் தடவுங்கள். நீளமான முடியில் அள்ளி ஊற்றி உச்சந்தலையில் சுருட்டித் தேய்த்தால் எடுக்க முடியாத சிக்கு விழும்.

தலையில் பொடுகு. வறட்சிதானே, எண்ணெய் நிறைய வைக்கலாமா?

வேண்டாம். பொடுகில் பெரும்பங்கு மலாசீசியா என்ற பூஞ்சைக்கு. தோலில் இருக்கும் கொழுப்பைத் தின்று வாழ்வது அது. எண்ணெய் ஊற்றினால் செதில்கள் ஒட்டிக்கொண்டு கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். பூஞ்சையை அடக்கும் கீட்டோகோனசோல் மருந்து கலந்த ஷாம்பூவை நுரைத்து, நான்கைந்து நிமிடம் விட்டு அலசுங்கள். பொடுகு அடங்கும்வரை எண்ணெய் முடியின் நுனியோடு நிற்கட்டும்.

ரோஸ்மேரி எண்ணெய் மருந்துக்கே சமம் என்று படித்தேன். எனக்கு முன்நெற்றி ஏறிக்கொண்டே போகிறது, மேடம்.

2015-ல் வந்த ஓர் ஆய்வைத்தான் எல்லோரும் காட்டுகிறார்கள். பரம்பரை வழுக்கை உள்ள 100 பேரில் ஒரு பாதிக்கு ரோஸ்மேரி எண்ணெய், மறுபாதிக்கு முடி வளரத் தலையில் தடவும் மருந்தான மினாக்ஸிடில், 2% அளவில். ஆறு மாதம் கழித்து இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே பலன். நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் சிறிய ஆய்வு, ஒன்றும் தடவாத குழுவோடு ஒப்பிடவும் இல்லை. இதை நம்பி மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள் சார். முன்நெற்றி ஏறுவதற்குச் சீக்கிரம் தொடங்கும் சிகிச்சைதான் அதிகம் பலன் தரும்.

பயன்படுத்துவதானால் நேரடியாகத் தலையில் விடக் கூடாது. 30 மி.லி. எண்ணெயில் ஐந்தாறு சொட்டு போதும். முதலில் முழங்கையின் உட்புறம் தடவி ஒரு நாள் பாருங்கள். சிவந்தாலோ அரித்தாலோ விட்டுவிடுங்கள்.

செக்குத் தேங்காய் எண்ணெய்தான் வேண்டுமா, ரீஃபைண்ட் போதுமா?

முடிக்குள் புகும் லாரிக் அமிலம் இரண்டிலும் உண்டு. எதுவானாலும் முகர்ந்து பாருங்கள். காறல் வாடை அடித்தால் தலைக்கு வேண்டாம்.

தம்பிக்குத் தலையில் ரூபாய் நாணயம் அளவுக்கு வட்டமாக முடி போய்விட்டது. எந்த எண்ணெய் தேய்க்கலாம், அக்கா?

எதுவும் தேய்க்காதீர்கள். அது புழுவெட்டாக இருக்கலாம், படர்தாமரையாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் சிகிச்சை வேறு வேறு. இந்த வாரமே தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை அவருடைய சீப்பும் துண்டும் தனியாக இருக்கட்டும்.