சுதந்திரம் வாங்கி ஒரு வருடம்கூட ஆகாத, இந்தியப் பெருங்கடல் தீவு நாடான செஷல்ஸில் வெறும் அறுபது பேர் எப்படி ஆட்சியைக் கவிழ்த்தார்கள்?

அந்த ஊரில் மூன்று வருடம் ஒரு கட்டுமானக் கம்பெனிக்குக் கணக்கு எழுதினேன், அதனால் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் கடந்துபோக முடியவில்லை.

1976 ஜூன் 29 அன்று பிரிட்டிஷ்காரர்கள் கிளம்பியபோது செஷல்ஸுக்கு ராணுவமே கிடையாது. ஜனத்தொகை அறுபதாயிரம் சொச்சம். இருந்தது போலீஸ் மட்டும், அவர்களுடைய துப்பாக்கிகள் தலைநகர் விக்டோரியாவில் மோன் ஃப்ளூரி என்ற இடத்தில் ஒரு கிடங்கில் இருந்தன. 1977 ஜூன் 5, ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள், தான்சானியாவில் பயிற்சி எடுத்த, பிரதமர் ஆல்பர்ட் ரெனே கட்சியின் ஆதரவாளர்கள் அந்தக் கிடங்கையும் வானொலி நிலையத்தையும் பிடித்துவிட்டார்கள், அவ்வளவுதான், எதிர்த்து நிற்க ஆளில்லை. அதிபர் ஜேம்ஸ் மான்சம் காமன்வெல்த் மாநாட்டுக்காக லண்டன் போயிருந்தார். ரெனே அதிபரானார்.

ஆனால் துப்பாக்கியை மட்டும் சொன்னால் பாதிக் கதைதான். 1974 தேர்தலில் மான்சம் கட்சி 52 சதவீத ஓட்டு வாங்கியது, தேர்தல் நடந்த 15 இடங்களில் 13 கிடைத்தது. ரெனே கட்சிக்கு 47 சதவீதத்துக்கு மேல் ஓட்டு, இடம் என்னவோ இரண்டே இரண்டு. கிட்டத்தட்ட பாதி ஊருக்கு இதில் மனக்குறை இருக்கத்தானே செய்யும்? அதை ஆற்றாமல் சுதந்திரத்துக்காக இரண்டு கட்சியும் அவசரமாகக் கூட்டணி கட்டின. 1979-இல் வரவேண்டிய தேர்தலை மான்சம் தள்ளிப்போடப் பார்த்தார் என்பது ரெனே சொன்ன காரணம். சரி, அந்த 1979-இல் தேர்தல் நடந்தது, ரெனே ஒருவர்தான் வேட்பாளர்! இதை என்னால் நியாயப்படுத்தவே முடியாது. இலவசப் பள்ளி, மருத்துவம் எல்லாம் அவர் காலத்தில் வந்தது உண்மை, அங்குள்ளவர்கள் இன்றும் நன்றியோடு சொல்வார்கள். அதற்காக 1993 வரை அதிபர் தேர்தலில் எதிர்த்து ஒருவர் நிற்க வழியே இல்லாமல் வைத்ததைச் சரி என்று சொல்லிவிட முடியுமா?

அப்புறம், ஒருமுறை துப்பாக்கியால் ஆட்சி மாறிவிட்டால் அடுத்தவனுக்கும் அந்த ஆசை வருகிறது. 1981 நவம்பரில் மைக் ஹோர் தலைமையில் கூலிப்படை ஒன்று சுற்றுலாப் பயணிகள் மாதிரி பையில் துப்பாக்கியை ஒளித்துக்கொண்டு வந்து விமான நிலையத்திலேயே மாட்டியது, தப்பிக்க பம்பாய் போக வேண்டிய ஏர் இந்தியா விமானத்தை டர்பனுக்குக் கடத்திக்கொண்டு போனது.

எங்கள் சைட்டில் ஒரு வயதான கிரியோல் மேஸ்திரி இருந்தார். கவிழ்ப்புக்குப் பிறகு அவர் அண்ணன் ஆஸ்திரேலியா போனவர்தான், அம்மா சாவுக்குக்கூட வரவில்லை. அந்த ஜூன் 5-இல் செத்துப்போன கிளர்ச்சிக்காரர் ஃபிரான்சிஸ் ரேச்சல் பெயரில் விக்டோரியாவில் ஒரு முக்கியமான தெரு இருக்கிறது, சிமென்ட் பில்லுக்காக நானும் மேஸ்திரியும் வாரம் இரண்டு தடவை அந்த வழியாகத்தான் போவோம். நான் தெருப் பெயரைச் சொன்னால் அவர் ஒன்றும் பேசமாட்டார். டிரைவரிடம் வழி சொல்லும்போது மட்டும் பழைய பெயரைத்தான் சொல்வார்.