விற்கப்போகும் வீட்டுக்கு எதில் செலவு செய்யலாம்?

கேள்வி: திருச்சி உறையூரில் 1996-இல் அப்பா கட்டிய வீடு எங்களுடையது. அவர் காலமாகி நான்கு வருடம் ஆகிறது. அம்மா என்னுடன்தான் இருக்கிறார், அண்ணன் சிங்கப்பூரில். தை மாதத்துக்குள் வீட்டை விற்றுவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். மாடுலர் கிச்சனும் ஹாலுக்கு ஃபால்ஸ் சீலிங்கும் போட்டால் நல்ல விலை போகும் என்று ஒரு கான்ட்ராக்டர் ஆறு லட்சம் கேட்கிறார். மழைக்காலத்தில் படுக்கையறை மூலையில் ஓதம் ஏறும். பெயின்ட் அடித்துவிட்டால் தெரியாது என்கிறார் புரோக்கர். என்ன செய்யட்டும்? – ஒரு வாசகி, திருச்சி

பதில்: அன்புள்ள சகோதரி, அந்த ஆறு லட்சத்தைத் தொடாதீர்கள்.

இவ்வளவு பழைய தனி வீட்டை வாங்க வருபவர் முதலில் மனைக்குத்தான் விலை போடுவார். கட்டடத்துக்கு வயதைப் பார்த்துத் தேய்மானம் கழிப்பார்கள். வாங்குபவர் வங்கிக் கடனில் வாங்கினால் வங்கியின் மதிப்பீட்டாளரும் அதையேதான் செய்வார். புதுச் சமையலறைக்காக அவர் ஆறு லட்சம் கூட்டி எழுதப்போவதில்லை. வாங்குபவருக்கு அந்த டிசைன் பிடிக்காமலும் போகலாம். பல பேர் வாங்கிய கையோடு சமையலறையைத்தான் முதலில் இடிக்கிறார்கள்.

விலையை இறக்குவது வாங்குபவர் மனதில் எழும் சந்தேகம்தான். உங்கள் வீட்டில் அது இரண்டு இடத்தில் இருக்கிறது: ஒன்று பத்திரக் கட்டில், இன்னொன்று அந்த மூலையில்.

பத்திரத்தை முதலில் பார்ப்போம். வீடு இன்னும் அப்பா பெயரில் இருந்து, அவர் உயில் எதுவும் எழுதவில்லை என்றால், அம்மா, அண்ணன், நீங்கள் என எல்லா வாரிசுகளும் கையெழுத்துப் போட்டால்தான் விற்க முடியும். இறப்புச் சான்றிதழ், தாசில்தாரிடம் வாங்கும் வாரிசுச் சான்றிதழ், பட்டா, சொத்து வரி ரசீது, மின் இணைப்பு என ஒவ்வொன்றாக எடுத்து, யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். அண்ணனால் வர முடியாது என்றால், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று தனக்குப் பதிலாக உங்களைக் கையெழுத்துப் போட அனுமதிக்கும் பவர் பத்திரம் அனுப்பச் சொல்லுங்கள். அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைக் கட்டணம் செலுத்தியாக வேண்டும். பார்ட்டி அட்வான்ஸ் கொடுத்த பிறகு இதையெல்லாம் ஆரம்பித்தால் அவருக்குப் பொறுமை போய்விடும், விலையில் கை வைப்பார்.

அப்புறம் வில்லங்கச் சான்றிதழ், அதாவது வீட்டின் மேல் பதிவான விற்பனை, அடமானங்களைக் காட்டும் சான்று. பதிவுத் துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். அப்பா வீடு கட்ட கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்திலோ வேறெங்கோ கடன் வாங்கினாரா என்று அம்மாவிடம் கேளுங்கள். அந்தக் காலத்து அடமானம் பல வீடுகளில் பதிவாகியிருக்கும். கடனை அடைத்து, பத்திரத்தையும் திரும்ப வாங்கி பீரோவில் வைத்திருப்பார்கள். ஆனால் அடைத்ததற்கான ரசீதைப் பதிவு செய்திருக்க மாட்டார்கள். வில்லங்கத்தில் அடமானம் அப்படியே நிற்கும். வங்கி வக்கீல் கண்ணில் முதலில் படுவது அந்த வரிதான். இதைச் சரிசெய்ய ஆகும் செலவு கான்ட்ராக்டர் கேட்கும் தொகைக்குப் பக்கத்தில்கூட வராது, அலைச்சல்தான் கொஞ்சம் இருக்கும்.

பிளான் அனுமதி இல்லாமல் மாடியில் ஏதும் கட்டியிருந்தால் அதை வாங்குபவரிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். வங்கிகள் பெரும்பாலும் அனுமதி பெற்ற பரப்புக்குத்தான் மதிப்புப் போடும்.

இனி அந்த மூலை. ஓதத்தின் மேல் பெயின்ட் அடித்தால் அடுத்த மழைக்கே கொப்பளித்து உப்புப் பூக்கும். வாங்க வருபவர்கள் இப்போதெல்லாம் கூடவே ஒரு கொத்தனாரையோ இன்ஜினியரையோ அழைத்து வருகிறார்கள். மற்ற சுவரெல்லாம் பழசாக இருக்க, ஒரு மூலை மட்டும் புதிதாகப் பளபளத்தால் அவர் அங்கேதான் விரலால் தட்டிப் பார்ப்பார். சட்டமும் உங்கள் புரோக்கர் பக்கம் இல்லை. சாதாரணமாகப் பார்த்தால் தெரியாத முக்கியக் குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும் என்கிறது 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம்.

நல்ல கொத்தனாரோடு மொட்டை மாடிக்கு ஏறுங்கள். அந்த மூலைக்கு நேர் மேலே மழைநீர்க் குழாயின் வாய் இருக்கிறதா, அதில் இலையும் மண்ணும் அடைத்திருக்கிறதா, தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் இடத்தில் விரிசல் இருக்கிறதா, தட்டோட்டு இடுக்குகளில் பூச்சு உதிர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இவற்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். அதை அடைத்து, தண்ணீர் ஊற்றிச் சோதித்து, உள்சுவரை நன்றாகக் காயவிடுங்கள். காய்ந்த பிறகுதான் பழைய பூச்சைச் சுரண்டிப் புதுப் பூச்சு, பட்டி, பிரைமர், பெயின்ட் எல்லாம். அவசரப்பட்டால் செய்த வேலை அத்தனையும் வீண். ஆடியில் வீடு பார்க்க வருபவர்கள் குறைவு, அதுவே உங்களுக்கு வசதி. ஐப்பசி மழைக்கு முன்னால் மாடி வேலை முடிந்திருக்க வேண்டும். அந்த மழையிலும் மூலை காய்ந்தே இருந்தால், தையில் வருபவரிடம் என்ன செய்தீர்கள் என்று பில்லோடு காட்டலாம்.

மீதியெல்லாம் சின்ன வேலை. வீடு முழுக்க ஒரே வெளிர் நிறம் அடியுங்கள். ஒழுகும் குழாய், ஆடும் சுவிட்ச், இறுகிய ஜன்னல் கொக்கி எல்லாவற்றையும் மாற்றுங்கள், கேட்டுக்குத் துரு எடுத்துப் பெயின்ட் அடியுங்கள். பரண் சாமானைக் காலி செய்யுங்கள். பூட்டியே கிடக்கும் வீட்டில் ஒரு வாடை இருக்கும், அதனால் ஆட்கள் வரும் நாளில் காலையிலேயே போய் எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டு, மோட்டாரைப் போட்டுத் தொட்டி நிரப்பி வையுங்கள். வருபவர்கள் கட்டாயம் குழாயைத் திறந்து பார்ப்பார்கள்.

விலை பேசும் முன் ஒரு ஆடிட்டரையும் பாருங்கள். 2001-க்கு முந்தைய சொத்து என்பதால், விற்ற லாபத்துக்குக் கட்டும் மூலதன ஆதாய வரிக் கணக்கில் 2001 ஏப்ரல் 1 அன்றைய சந்தை மதிப்பை அடக்க விலையாக எடுத்துக்கொள்ள வழி இருக்கிறது. அந்த மதிப்பீட்டு அறிக்கையை இப்போதே வாங்கி வைத்துவிடுங்கள்.